தாம்பரத்தில் எந்த வேலைக்கு எந்த ஆபீஸ்?

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கம் புதிதாகக் குடிவந்து எங்கள் நலச்சங்கத்தில் சேருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கவுன்சிலர் நம்பர் இருக்கா மேடம்?" இருக்கிறது, தருகிறேன். ஆனால் கரண்ட் போனதற்கும், பட்டாவில் பெயர் தப்பாக இருப்பதற்கும், முடிச்சூர் ரோட்டில் பள்ளம் விழுந்ததற்கும் கவுன்சிலருக்குப் போன் போட்டால் அவர் பாவம், "பார்க்கிறேன்" என்று மட்டும்தான் சொல்ல முடியும். மூன்றும் அவர் கையில் இல்லாதவை.

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விலாசம் தப்பாக எழுதிய கடிதம் எங்கெல்லாம் சுற்றும் என்று பார்த்துப் பழகிய கண். குறை மனுவும் அப்படித்தான். எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் மேலே போடுகிற விலாசம் சரியில்லை என்றால் ஊர் சுற்றிவிட்டு உங்களிடமே வந்து சேரும். அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் விலாசம்தான். எழுதுவதும் தொடர்வதும் அதற்குப் பிறகு.

நீங்கள் எந்த உள்ளாட்சியில் இருக்கிறீர்கள்?

சிரிக்காதீர்கள். இங்கே இது நிஜமாகவே குழப்பமான கேள்வி. சேலையூர் பின்கோடு 600073, சிட்லபாக்கம் 600064, கிழக்குத் தாம்பரம் 600059. எல்லாம் 600 என்று தொடங்குவதால் பலர் சென்னை மாநகராட்சி என்றே நினைக்கிறார்கள். 1913-க்குப் போன் செய்து குப்பை எடுக்கவில்லை என்று சொல்கிறார்கள். அது சென்னை மாநகராட்சியின் எண். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்கோடு என்பது தபால் பிரிக்க வைத்தது. நிர்வாக எல்லைக்கு அதை நம்பக்கூடாது. நாம் இருப்பது செங்கல்பட்டு மாவட்டம். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. ஆகவே நமது கலெக்டர் உட்காருவது செங்கல்பட்டில்.

தாம்பரம் மாநகராட்சி உருவானது 2021 நவம்பரில். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் சேர்ந்தது. மொத்தம் 70 வார்டு, 5 மண்டலம். பழைய ஊர்ப் பெயரிலேயே எல்லோரும் பேசுவார்கள். "செம்பாக்கம் முனிசிபாலிட்டி ஆபீஸ்ல கொடுங்க" என்று ஆட்டோக்காரர் வரை சொல்வார். பேச்சுக்குச் சரி. மனுவில் மட்டும் இப்போதைய மண்டல எண்ணும் வார்டு எண்ணும் இருக்க வேண்டும். இணைப்புக்கு முன்பு இருந்த வார்டு எண்ணும் இப்போதைய வார்டு எண்ணும் ஒன்றல்ல. பழைய ரசீதில் பார்த்து எழுதினால் தப்பாகிவிடும். கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீதைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு எல்லைச் சிக்கல். பல்லாவரத்தில் ஒரு பகுதி மாநகராட்சியே இல்லை. அது பரங்கிமலை - பல்லாவரம் கண்டோன்மென்ட் போர்டின் கீழ், அதாவது மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அங்கே வரியும் குடிநீரும் குப்பையும் போர்டு வேலை. இந்தப் பக்கம் மேடவாக்கம், வேங்கைவாசல், அகரம்தென், அந்தப் பக்கம் முடிச்சூர் ஆகியவை கிராம ஊராட்சிகளாகவே இருந்து வருகின்றன. அடுக்குமாடி எத்தனை எழும்பினாலும் அங்கே மேயர் கிடையாது, ஊராட்சித் தலைவர்தான். வீடு வாங்கும்போது "தாம்பரம் பக்கத்துல" என்று தரகர் சொல்வதை நம்பாமல், விற்பவரின் வரி ரசீதின் தலைப்பில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை.

மாநகராட்சிக்குள் யார் என்ன செய்கிறார்கள்?

மேயரை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. 2022 பிப்ரவரி 19-இல் கவுன்சிலர்களுக்கு ஓட்டுப் போட்டோம். மார்ச் 4-இல் கவுன்சிலர்கள் கூடி மேயரையும் துணை மேயரையும் தேர்ந்தெடுத்தார்கள். தீர்மானம் போடுவது மாமன்றம், அதாவது மேயரும் கவுன்சிலர்களும். நிர்வாகத்தை நடத்துவது ஆணையர். அவர் அரசு நியமிக்கிற அதிகாரி. கையெழுத்து, டெண்டர், நோட்டீஸ் எல்லாம் அவர் பெயரில்தான் போகும்.

நடைமுறையில் உங்களுக்குத் தேவைப்படுவது இவர்கள் யாரும் இல்லை. நான்கே நாற்காலிகள். ரோடு, வடிகால், தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் என்றால் உங்கள் வார்டைப் பார்க்கிற உதவிப் பொறியாளர், எல்லோரும் ஏ.ஈ. என்பார்கள். குப்பை, கொசு, சாக்கடை அடைப்பு, நாய், கடைக்காரர் கழிவு கொட்டுவது என்றால் சுகாதார ஆய்வாளர். வரி என்றால் பில் கலெக்டர், அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர். கட்டட அனுமதி, அனுமதி மீறிய கட்டடம் என்றால் நகரமைப்புப் பிரிவு. இந்த நால்வரும் மண்டல அலுவலகத்தோடு தொடர்புள்ளவர்கள். தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டிய அவசியம் முதல் சுற்றில் வராது.

கவுன்சிலரிடம் எதற்குப் போக வேண்டும்? புதிதாக ஒன்று வேண்டும் என்றால். புது ரோடு, புது வடிகால், புது விளக்குக் கம்பம், பூங்கா. இதற்கெல்லாம் மதிப்பீடு தயாரிக்க வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், மன்றத்தில் வைக்க வேண்டும். அங்கே அவர் குரல் தேவை. ஏற்கெனவே இருப்பது உடைந்தால் அது பராமரிப்பு, நேராக ஏ.ஈ. இந்த ஒரு பிரிவினை மனதில் இருந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

வார்டு குழு, பகுதி சபை என்று சட்டப்படி இரண்டு அமைப்பு உண்டு. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் வேண்டும் என்று 2022-இல் விதி வந்து, அந்த நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி நாளன்று பகுதி சபைகள் கூடின. அன்று முதலமைச்சர் கலந்துகொண்டது நம்ம பம்மலில் நடந்த கூட்டம்தான். அதில் தீர்மானம் எழுதுவார்கள். நோட்டில் ஏறுகிற வரைக்கும் எழுந்து வராதீர்கள். வாயால் சொல்லி, எல்லோரும் தலையாட்டி, வடை சாப்பிட்டுக் கலைந்த கூட்டம் கணக்கில் வராது.

இது யாருடையது?

ரோடு. உள்தெரு மாநகராட்சி. ஜி.எஸ்.டி. ரோடு, அதாவது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு, தேசிய நெடுஞ்சாலை. தாம்பரம் - வேளச்சேரி ரோடு, முடிச்சூர் ரோடு போன்ற பெரிய ரோடுகள் மாநில நெடுஞ்சாலைத் துறை. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் கிலோமீட்டர் கல்லைத் தேடுங்கள். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாத குறுகிய தெரு என்றால் பெரும்பாலும் மாநகராட்சிதான். ஆனால் ஒரு விதிவிலக்கு: அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் ரோட்டை உள்ளாட்சிக்கு தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுக்காத தெரு சட்டப்படி தனியார் இடம். "எங்க தெருவுக்கு மட்டும் ஏன் ரோடு போடல" என்று கேட்கிறவர்கள் முதலில் இதை விசாரியுங்கள்.

தெருவிளக்கு. கம்பம் மின்வாரியத்துடையது, அதில் தொங்குகிற விளக்கு மாநகராட்சியுடையது. பல்பு எரியவில்லை என்றால் மாநகராட்சி. கம்பம் சாய்ந்திருக்கிறது, கம்பி தொங்குகிறது, கம்பத்தில் கை வைத்தால் ஷாக் அடிக்கிறது என்றால் மின்வாரியம், அதுவும் உடனே. மின்னகம் எண் 94987 94987, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். எந்தப் புகாராக இருந்தாலும் கம்ப எண்ணைச் சொல்லுங்கள். கம்பத்தில் இடுப்பளவுக்கு மேலே பெயிண்ட்டில் எழுதியிருக்கும். நோட்டீஸ் ஒட்டி மறைத்திருப்பார்கள், "வீடு வாடகைக்கு", "மூலம் பௌத்திரம்". கொஞ்சம் கிழித்துப் பார்த்தால் எண் தெரியும். பிள்ளையார் கோயில் பக்கத்துக் கம்பம் என்று சொன்னால் நம்ம ஊரில் எத்தனை பிள்ளையார் கோயில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மழைநீர் வடிகால். இதுதான் மிகவும் சிக்கல், ஏனென்றால் தண்ணீருக்கு எல்லை தெரியாது. உள்தெரு வடிகால் மாநகராட்சி. பெரிய ரோட்டோரம் ஓடுவது நெடுஞ்சாலைத் துறை. அது போய் விழுகிற ஓடை, ஏரி உபரிநீர்க் கால்வாய் எல்லாம் பெரும்பாலும் நீர்வளத் துறை. உங்கள் தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்றால் காரணம் மூன்றில் எதிலும் இருக்கலாம். ஒரு மழை நாளில் குடை எடுத்துக்கொண்டு தண்ணீர் போகிற வழியாகவே நடந்து பாருங்கள். எங்கே நிற்கிறது, எங்கே அடைக்கிறது என்று போட்டோ எடுங்கள். எங்கள் தெருவில் அடைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது, நடந்து பார்த்தபோது மெயின் ரோட்டுச் சிறுபாலத்துக்குக் கீழே இருந்தது. மனுவை மாநகராட்சிக்குப் பதில் நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதினோம். மெயின் ரோடு நம் தெருவைவிட உயரமாகிவிட்டதா என்பதையும் கவனியுங்கள். பழைய தார் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டால் வீட்டு வாசல் பள்ளமாகிவிடும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். போட்ட பிறகு பேசிப் பயனில்லை.

ஏரி. 100 ஏக்கருக்கு மேல் பாசனப் பரப்பு கொண்டிருந்த ஏரிகள் நீர்வளத் துறையிடம், சிறியவை உள்ளாட்சியிடம் என்பது பொது வழக்கம். பாசனமே இல்லாமல் போய்ப் பல ஆண்டு ஆகிவிட்டாலும் பதிவேட்டில் அப்படியேதான் இருக்கும். ஆக்கிரமிப்பு என்றால் தாசில்தாருக்கும் நீர்வளத் துறைக்கும் சேர்த்தே எழுதுங்கள். அளந்து எல்லை காட்டுவது வருவாய்த் துறை வேலை. 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதன் பெயரை மனுவில் குறிப்பிட்டால் போதும், வக்கீல் பாஷை வேண்டாம்.

தெருநாய் பற்றி ஒரு வரி. பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் விடுவதுதான் 2023 விதிகள் சொல்லும் முறை. "மொத்தமா பிடிச்சிட்டுப் போங்க" என்று மனு எழுதினால் சுகாதாரப் பிரிவால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கருத்தடை செய்யாத நாய்கள் எத்தனை, எந்தத் தெரு என்று எழுதுங்கள்.

மனு எழுதும் விதம்

ஒரு மனுவுக்கு ஒரே குறை. ரோடும் விளக்கும் குப்பையும் ஒரே தாளில் எழுதினால் மூன்று பிரிவுக்கும் நகல் போக வேண்டும். ஒருவர் தன் பங்கை முடித்ததும் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுவார். முன்னுரையும் வேண்டாம். "நாங்கள் வரி செலுத்தும் பொறுப்புள்ள குடிமக்கள்" என்று தொடங்கும் மனுக்களை நிறையப் பார்த்துவிட்டேன். படிக்கிறவர் நேராக மூன்றாவது பத்திக்குத்தான் போவார். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"பெறுநர்: உதவிப் பொறியாளர், வார்டு எண் ..., மண்டலம் ..., தாம்பரம் மாநகராட்சி.
பொருள்: மழைநீர் வடிகால் மூடி உடைந்திருப்பது குறித்து.
ஐயா/அம்மா, மேற்கண்ட வார்டில் ... தெருவில், கதவு எண் 12-க்கும் 14-க்கும் இடையில், கம்ப எண் ... எதிரே, வடிகாலின் சிமெண்ட் மூடி ஒன்று உடைந்து, மூன்றடி நீளத்துக்குத் திறந்து கிடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் நடந்துபோகும் பக்கம் இது. மூடியை மாற்றித் தருமாறும், அதுவரை தடுப்பு வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். போட்டோ 2 இணைத்துள்ளேன்.
நகல்: மண்டல உதவி ஆணையர், மாமன்ற உறுப்பினர்."

அவ்வளவுதான். தேதி, கையெழுத்து, போன் எண். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் சீல் வைத்துத் தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீல் இல்லாத மனு கொடுக்காத மனுதான். "இது எங்க செக்ஷன் இல்லம்மா" என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். "எந்த செக்ஷன்னு இதிலேயே எழுதிக் கொடுத்துடுங்க தம்பி" என்று தாளை நீட்டுங்கள். பெரும்பாலும் அப்போதே சரியான மேசைக்கு வழி கிடைத்துவிடும்.

நேரில் போக முடியாதவர்கள் தபாலில் அனுப்பலாம். என் பழைய பிழைப்பு என்பதால் சொல்கிறேன்: 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட் என்றே கேளுங்கள், சேர்ந்ததற்கு அத்தாட்சியும் வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ரசீதை மனுவின் நகலோடு பின் அடித்து வைத்துவிடுங்கள்.

மனு வாங்கிய 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் பதில் என்பது 2015-இலேயே வந்த அரசாணை. ஒரு மாதம் பொறுங்கள். பதில் வரவில்லையென்றால் 1100. இது 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர்ப்பு ஏற்பாட்டின் எண். போனில் சொன்னாலும் பதிவாகும், எண் தருவார்கள். அந்த எண்ணை எழுதி வையுங்கள், எஸ்.எம்.எஸ். அழிந்துவிடும். "தீர்வு காணப்பட்டது" என்று செய்தி வந்து, மூடி இன்னும் திறந்தே கிடந்தால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி பதியலாம். அதற்கு மேலே செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். மாநகராட்சியும் நெடுஞ்சாலையும் நீர்வளமும் ஒன்றையொன்று கைகாட்டுகிற வடிகால் மாதிரி விஷயத்துக்கு அதுதான் சரியான இடம், எல்லாத் துறைக்காரர்களும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். சாதாரணப் பல்புக்கு அவ்வளவு தூரம் போகாதீர்கள்.

கடைசி ஆயுதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, 'பொதுத் தகவல் அலுவலர், தாம்பரம் மாநகராட்சி' என்று விலாசம். "ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன், எதற்கு என்பதற்கெல்லாம் பதில் தர வேண்டியதில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள்: இந்தத் தெருவுக்குக் கடைசியாக ரோடு போட்ட பணி ஆணையின் நகல், மதிப்பீடு, அளவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்ததாரர் எத்தனை ஆண்டு பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 30 நாளில் பதில் வர வேண்டும். தப்பான துறைக்கு அனுப்பிவிட்டால்கூட 5 நாளில் அவர்களே சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த பிரிவு அதுதான். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடமும், அதுவும் பயன்படாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடமும் போகலாம்.

வீட்டுக் காகிதங்கள்

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஆன்லைனில் கட்டலாம், வரிவிதிப்பு எண் இருந்தால் போதும். இணைப்புக்குப் பிறகு எண் மாறியிருப்பதால் பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்ந்து தெரிகிற ஒரு ரசீதைப் பத்திரத்தோடு வையுங்கள். பின்னால் வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் வக்கீல் கேட்பார்.

வீடு வாங்கினவர்கள் பத்திரம் பதிந்ததும் எல்லாம் முடிந்தது என்று பால் காய்ச்சிவிடுகிறார்கள். முடியவில்லை. பத்திரப்பதிவு ஒரு துறை, பட்டா வருவாய்த் துறை, சொத்து வரி மாநகராட்சி, மின் இணைப்பு மின்வாரியம். நான்கும் தனித்தனிப் பதிவேடு, ஒன்றில் பெயர் மாறினால் மற்றதில் தானாக மாறாது. உட்பிரிவு இல்லாத முழு மனையாக இருந்தால் மட்டும் பட்டா இப்போது பதிவோடு சேர்ந்தே பெரும்பாலும் மாறிவிடுகிறது. மனையைப் பிரித்து வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்துதான் உட்பிரிவுப் பட்டா, அதற்குத் தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பம். சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்குப் பத்திர நகல், பாக்கி இல்லாத வரி ரசீது. வீட்டுக்காரர் இறந்துபோய் வாரிசுகள் மாற்றுவதென்றால் இறப்புச் சான்றோடு வாரிசுச் சான்றும் வேண்டும். இறப்புச் சான்று உள்ளாட்சி தரும், வாரிசுச் சான்று தாசில்தார் தருவார். சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகளும் தாசில்தார் பக்கம்தான், இ-சேவை மையம் வழியாக. இதையெல்லாம் கவுன்சிலரிடம் கேட்டு நிற்காதீர்கள்.

பிறப்புச் சான்றில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊர் உள்ளாட்சிதான் பதிவு செய்யும். நீங்கள் குடியிருக்கிற ஊர் அல்ல. சேலையூரில் வீடு, பிரசவம் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் ஒரு ஆஸ்பத்திரியில் என்றால் சான்று சென்னை மாநகராட்சியிடம். அம்மா வீட்டுக்குப் போய்த் திருநெல்வேலியில் பெற்றால் திருநெல்வேலியில். ஆஸ்பத்திரியே 21 நாளுக்குள் தகவல் அனுப்பிவிடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது அவர்கள் நீட்டுகிற படிவத்தில் அம்மா, அப்பா பெயரின் எழுத்தை ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். தூக்கமில்லாத கண்ணோடு அப்பாக்கள் எதை வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார்கள், அதனால் பாட்டியிடம் கொடுப்பது உத்தமம். குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் சேர்த்தால் கட்டணமில்லை, அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றே ஆதாரம். தள்ளிப்போடாதீர்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி எடுக்கலாம். யாருக்கும் காத்திருக்க வேண்டாம். மனை அங்கீகாரம் பெற்றதாகவோ வரன்முறை செய்ததாகவோ இருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. அதைவிடப் பெரிய கட்டடம் ஒரு அளவு வரை மாநகராட்சி, அதற்கு மேல் சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். மாடம்பாக்கம், சேலையூர் பக்கம் விமானப்படைத் தளத்துக்கு அருகில் மனை என்றால் அவர்களது தடையில்லாச் சான்று தேவைப்படுமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். தளத்தின் சுற்றுச்சுவர் தெரிகிற மனைக்கு விலை குறைவாக இருக்கும். காரணம் அதுவாக இருக்கலாம்.

ஊராட்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு

மேடவாக்கம், முடிச்சூர்க்காரர்கள் மேலே சொன்ன மண்டலம், ஏ.ஈ. எல்லாவற்றையும் மறந்துவிடலாம். உங்களுக்கு ஊராட்சித் தலைவர், ஊராட்சிச் செயலர், மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். எங்களுக்கு இல்லாத பலம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு 6 முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவுக் கணக்கை அங்கே வாசிக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து பத்துப் பேர் போய் உட்கார்ந்தால் அன்றைய கூட்டத்தின் பேச்சே மாறும்.

பணம் இல்லை என்று சொன்னால்

மாநகராட்சியில் நிதி இல்லை என்ற பதில் பல நேரம் உண்மைதான். அப்போது இரண்டு வழி. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. நம் பகுதி தாம்பரம், பல்லாவரம் எனத் தொகுதிகளாகப் பிரிந்திருப்பதால் உங்கள் வாக்காளர் அட்டையைப் பார்த்துவிட்டுச் சரியான எம்.எல்.ஏ.விடம் போங்கள். எம்.பி. நிதி 5 கோடி, தொகுதி ஸ்ரீபெரும்புதூர். கடிதத்தில் வேலையின் பெயர், இடம், ஏ.ஈ. தந்த உத்தேச மதிப்பு மூன்றும் இருந்தால் அது பரிந்துரையாக நகரும். வெறும் கோரிக்கையாக இருந்தால் அலமாரிக்குப் போகும்.

இன்னொன்று 'நமக்கு நாமே'. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும், நீர்நிலை சீரமைப்பென்றால் மக்கள் பங்கு பாதி. சங்கமாகவும் கட்டலாம், ஒரே ஆளாகவும் கட்டலாம், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தும் வாங்கலாம். பூங்கா, நடைபாதை, கேமரா மாதிரி வேலைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். வசூலில் இறங்குவதற்கு முன்னால் மண்டலப் பொறியாளரிடம் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிவிடுங்கள். தொகை தெரியாமல் வீட்டுக்கு ஆயிரம் என்று வசூலை ஆரம்பித்தால், பிறகு இன்னொரு ஆயிரம் கேட்டு அதே படிகளை ஏறும்போது காபிகூடக் கிடைக்காது.